இன்னும் ஓர் அகப்பை

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளிலே சித்திரை வருஷப்பிறப்பன்று விரிக்கப்படும் வாழையிலை உண்பவரின் பசியை அளந்து வெட்டப்படுவதன்று. உபசரிக்கும் குடும்பத்தின் மதிப்பை அளந்து வெட்டப்படுவது. நுனி இடப்பக்கம் இருக்குமாறு விரித்து, நீர் தெளித்துத் துடைத்த அந்த இலையில் எத்தனை கறிகள் வைக்கப்பட்டன, எத்தனை முறை பரிமாறப்பட்டது, உண்டவர் எத்தனையாம் தடவையிற் போதும் என்றார் என்பனவெல்லாம் பொழுது சாய்வதற்குள் உறவினர் யாவரும் அறிந்த செய்திகளாகிவிடும். இத்தகைய இலைக்குமுன், உடல்நிறையைக் குறைத்தே தீரவேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகக் கூறியதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருவன் சப்பாணி கட்டி அமர்வானாயின், அவன்பாடு எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். கைக்குமுன் சோறு, கண்முன் பெரியம்மாவின் அகப்பை, காதிலே வைத்தியரின் குரல்.

நான்கு ஆண்டுகளாக அவ்வாறு அமர்ந்துவருபவன் நான். என் உயரம் 165 சென்ரிமீற்றர். அன்று கிளினிக்கில் நிறுத்தபோது தராசு காட்டிய நிறை 78 கிலோகிராம். இரத்தத்திற் சீனியின் அளவு நோய் என்று சொல்வதற்கு ஒருபடி கீழே நின்றது. இதனால் நான் பெரிதும் கலங்கியிருக்கமாட்டேன். ஊரில் என் வயதினர் பலரும் இவ்வளவு நிறையுடையவர்களே. ஆனால் என் மூத்த அண்ணர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நீரிழிவினால் வலக்காலில் இரண்டு விரல்கள் வெட்டி அகற்றப்பட்டன. நிலத்தில் அமர இயலாதபடியால் வருஷப்பிறப்புப் பந்தியில் அவருக்கு மாத்திரம் ஒரு கதிரையும் சிறு மேசையும் போடப்படுகின்றன. அந்த மேசையிலும் இலை விரிக்கப்படுகிறது. "ஒரு நாளைக்குத்தானே" என்று கூறி அவருடைய இலையிலும் பாயாசம் ஊற்றப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பந்தி ஒன்று மாத்திரம் இப்படி என்று எண்ணவேண்டாம். 2005ஆம் 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, வயதுவந்தோரில் ஏறக்குறைய ஐவருக்கு ஒருவர் நீரிழிவுடனோ அதன் முன்னிலையுடனோ இருக்கக் கண்டது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அக்கணக்கில் அடங்கவில்லை. ஆயினும் நமது வைத்தியசாலைகளில் கிளினிக் நாட்களிலே விடியற்காலையில் நீளும் வரிசையைக் கண்டவர் எவரும் இந்நோய் நம்மை விட்டுவைத்தது என்று சொல்லத் துணியார்.

நம்மவர் உடம்பைப் பற்றி ஒரு விசேஷத்தையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். நிறையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. மேனாட்டாருக்கு 25 என்ற எண்வரை பாதகமில்லை என்பர். ஆசிய மக்களுக்கோ 23இலேயே ஆபத்து ஏறத் தொடங்குகிறது என்றும், 27.5இல் அது மிகுந்துவிடுகிறது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துரைத்தது. என் உயரத்துக்கு அந்த 23 என்பது 62½ கிலோவிலும், 27.5 என்பது 75 கிலோவிலும் வந்துவிடுகின்றன. அதே ஆண்டில் லான்செற் என்னும் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவ அறிஞர்களின் படம் அருகருகே வெளியாயிற்று. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் சுட்டி ஒன்றே, 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடம்பிற் கொழுப்பு 9.1 வீதம், இந்தியரின் உடம்பில் 21.2 வீதம். மெலிந்த கை கால்களும் உள்ளே கொழுப்பும் கொண்ட தேகம் நம் பிராந்தியத்தின் முதுசம் போலும். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்று இடுப்புச் சுற்றளவுக்குத் தனியாக ஓர் எல்லை நமக்கென வகுக்கப்பட்டிருப்பதும் இதனாலேதான்.

இனி விருந்துக்கு வருவோம். வருஷப்பிறப்புச் சாப்பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குமுன் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடுவது நியாயம். வெந்த சோற்றிலே 100 கிராமுக்கு ஏறக்குறைய 130 கலோரி உண்டு. (சிவப்பரிசிச் சோறென்றால் எவ்வளவும் உண்ணலாம் என்று நம்பும் அன்பர்கள் மன்னிக்கவேண்டும், தவிடும் நாரும் அதில் மிகுதி, கலோரி ஏறத்தாழ அவ்வளவே.) ஒரு மேசைக்கரண்டி நெய்யிலோ எண்ணெயிலோ 110 முதல் 120 வரை. தேங்காயின் முதற்பாலில் 100 கிராமுக்கு 200க்கு மேல். இவற்றுடன் வடை, அப்பளம், பாயாசம் யாவையும் கூட்டி, ஒருவர் வழக்கத்திலும் பார்க்க 1,500 கலோரி மிகுதியாக உண்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடற்கொழுப்பிற் சேமித்திருப்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஆகவே அந்த மாபெரும் விருந்தினால் ஏறக்கூடிய கொழுப்பு அதிகம்போனால் 200 கிராம். மறுநாட் காலை தராசு ஒன்றரைக் கிலோ ஏற்றிக் காட்டுகிறதே என்று சிலர் பதறுவர். அதிற் பெரும்பகுதி உப்பு பிடித்துவைத்த நீரும், இன்னும் குடலைவிட்டு நீங்காத உணவும், மாச்சத்தைத் தசைகள் சேமிக்கும்போது கிராமுக்கு மூன்று கிராம் வீதம் கூடச் சேரும் நீருமேயாகும். சில நாட்களில் அது இறங்கிவிடும். இதை அறியாமல், "எல்லாம் போயிற்று, இனி என்ன கட்டுப்பாடு" என்று கைவிடுபவர்களே உண்மையில் பெருக்கிறார்கள்.

அப்படியானால் "ஒரு நாளைக்குத்தானே" என்ற வாதம் சரிதானே என்று கேட்கலாம். ஒரு நாள் ஒரு நாளாகவே நின்றால் சரிதான். நம்முடைய ஒரு நாட்களை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? தைப்பொங்கல், வருஷப்பிறப்பு, கோயிற் திருவிழாவின் அன்னதானம், தீபாவளி, கல்யாணம், பூப்புனித நீராட்டு, திவசம், கந்தசஷ்டி முடிந்த மறுநாட் பாறணை, பிள்ளைகளின் பிறந்தநாள். ஆறு நாள் விரதம் காத்துத் தேடிய புண்ணியத்தை ஏழாம் நாட் காலைப் பாறணையிலே தீர்த்துக்கொள்பவர்களை நான் அறிவேன்.

வருஷப்பிறப்பென்றாலும் அது ஒரு நாளில் முடிகிறதா? ஒரு கிழமைக்கு முன்னரே பலகாரச் சூடு தொடங்கிவிடுகிறது. பயற்றம் பணியாரம், அரியதரம், சிப்பி, முறுக்கு, பருத்தித்துறை வடை எனப் பெரிய பிஸ்கற் ரின்கள் நிறைகின்றன. பின்னர் இனசனம் பார்க்கப் போகும் படலம். போகும் வீடெல்லாம் ஒரு தட்டு. தட்டிலே எல்லாவற்றிலும் இரண்டிரண்டு. கூடவே ஒரு வாழைப்பழமும் இரண்டு கரண்டி சீனியிட்ட தேநீரும். ஐந்து வீட்டுத் தேநீரின் சீனி மாத்திரம் 160 கலோரி. பயற்றம் பணியாரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்: பயற்றம் மா, தேங்காய், சர்க்கரை மூன்றையும் உருட்டி, அரிசிமாக் கரைசலிற் தோய்த்து, எண்ணெயிற் பொரித்த அந்த அமிர்தம் பசியைத் தணிப்பதற்கு உண்ணப்படுவதன்று. பேச்சோடு பேச்சாக உள்ளே போவது அது. இலையிலுள்ளதை நாம் கண்ணாற் கண்டு உண்கிறோம். ரின்னிலுள்ளதை ஒருவரும் எண்ணுவதில்லை. ரின் அடிதட்டும்வரை, அதாவது பத்து நாட்களோ பதினைந்து நாட்களோ, விருந்து தொடர்ந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு ஒப்பான ஒன்றை அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே நவம்பர் மாத நன்றியறிதல் விருந்து தொடங்கிப் புத்தாண்டு வரை ஒரே கொண்டாட்டம். வளர்ந்தோர் 195 பேரை அக்காலத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்துக் கண்ட முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சராசரியாக ஏறிய நிறை 0.37 கிலோகிராம், ஒரு றாத்தலுக்கும் குறைவு. இதற்கா இவ்வளவு ஆரவாரம் என்று தோன்றும். ஆனால் ஏறிய அந்தச் சிறு அளவு, பின்வந்த மாதங்களில் இறங்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். அது ஆண்டுதோறும் அப்படியே சேர்ந்தால் பத்தாண்டில் மூன்றரைக் கிலோவைத் தாண்டும்.

நம் பாட்டன்மார் இதே பலகாரத்தையும் இதே விருந்தையும் உண்டவர்கள்தாமே என்பது அடுத்த வாதம். உண்மை. அவர்கள் அதிகாலையிற் துலா மிதித்தவர்கள். ஒருவர் துலாவில் முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்ற, புகையிலைக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நீர் பாய்ந்தது. வருஷப்பிறப்பின் மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவர்கள் மீண்டும் துலாவில் ஏறினர். விருந்து அவர்களுக்கு ஆண்டிற் சில தடவை வந்தது. வேலை எல்லா நாளும் இருந்தது. நமக்கோ நீரிறைக்கும் இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டன. பலகாரம் சந்திக்குச் சந்தி கடையில் எந்நாளும் கிடைக்கிறது. இலை மாத்திரம் பாட்டனாரின் அளவிலேயே இருக்கிறது.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்துக்கு வேறோர் அதிகாரம் வகுத்தார். மருந்து அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்பவர் சூரணமும் கஷாயமும் அதில் இல்லாததைக் கண்டு வியப்படைவர். பெரும்பகுதி அளவறிந்து, பசித்தபின் உண்பதைப் பற்றியதே. முன்னது 9ஆம் அதிகாரம், பின்னது 95ஆம் அதிகாரம். நம் வீடுகளில் உபசரிப்போர் ஒன்பதுடன் படிப்பை நிறுத்திக்கொண்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால் வேடிக்கையாகப் பேசித் தீர்க்கும் விஷயமன்று இது. எங்கள் பந்தியில் அகப்பை பிடிப்பவர் பெரியம்மா. எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் அவரே இன்னமும் அடுப்படியை ஆள்பவர். சோறு போதும் என்று நான் இலையின்மேற் கையை விரித்த முதல் ஆண்டில், அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்பு, "ஏன் தம்பி, என்ர கைப்பக்குவம் கெட்டுப்போச்சோ?" என்றார். கோபத்திற் கேட்ட கேள்வியன்று அது. அவர் உண்மையாகவே அறிய விரும்பினார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தவாறு தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அந்தக் கூட்டத்திற் பெரியம்மாவும் ஒருவர். 1996ஆம் ஆண்டின் வருஷப்பிறப்பு அவருக்கு ஒரு பாடசாலை மண்டபத்திலே வந்தது. இலை இல்லை, பாயாசம் இல்லை. இருந்த அரிசியைச் சுண்டால் அளந்து, பருப்புடன் சேர்த்து அவித்து, பதினொரு பேருக்கு அவர் பங்கிட்டார். சின்னவன் ஒருவன் "இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டியபோது பானை காலியாக இருந்ததாம். இந்நிகழ்ச்சியை ஒவ்வோராண்டும் அவர் ஒரே சொற்களிற் கூறுவார். ஆகவே அவருடைய இரண்டாவது அகப்பை வெறும் உபசாரமன்று. அன்று பானையில் இல்லாத அகப்பை அது. ஆண்டுதோறும் யாருடைய இலையிலாவது அதை வைத்துக்கொண்டே இருக்கிறார். கலோரிக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போய் இதனோடு யார் வாதாடுவது?

வாதாடத் தேவையில்லை என்பதே என் துணிபு. விருந்தில் உடம்பைக் காக்கப் புகுவோர் பெரும்பாலும் அகப்பையைத் தடுக்க முனைகிறார்கள். கையை மறிக்கிறார்கள், வயிற்று வலி என்று பொய் சொல்கிறார்கள், அல்லது வீட்டுக்காரரின் மனத்தை நோகடித்து எழுகிறார்கள். இவற்றுள் எதுவும் இரண்டாம் ஆண்டுக்கு நிலைப்பதில்லை. அகப்பையைத் தடுக்கவேண்டாம், அதில் வருவதை நாம் கேட்டு வாங்கலாம். பரிமாறுபவருக்கு வேண்டியது உண்பவன் "இன்னும்" என்று சொல்லும் அந்த ஒரு சொல். அது சோற்றுக்கா, வறைக்கா என்பதில் அவருக்குப் பிடிவாதம் இல்லை. அடுத்த ஆண்டு நான் முந்திக்கொண்டேன்.

"பெரியம்மா, சோறு கிடக்கட்டும். அந்த முருங்கையிலை வறையிலை இன்னும் ஒரு அகப்பை வையுங்கோ."

"வறையோ? கொஞ்சந்தானே செய்தனான்!" என்று அவர் திகைத்தார். நம் விருந்துகளில் வறை ஓர் ஏழை உறவினன். பெயருக்கு இலையின் ஓரத்தில் ஒரு பிடி வைக்கப்படும். ஆனாலும் உள்ளே சென்று சட்டியைச் சுரண்டிக்கொண்டு வந்து வைத்தார். அவர் முகத்திலே மனத்தாங்கலின் சாயல் சிறிதும் இல்லை.

எதைக் கேட்டு வாங்குவது, எதை முதல் தடவையோடு நிறுத்துவது என்று தெரிந்திருக்கவேண்டும். கீரைக் கடைசல், பயற்றங்காய், புடலங்காய், பூசணிக்காய், கோவா வறை, இரசம், நீர்மோர் ஆகியவற்றில் தாராளம் காட்டலாம். பொரித்துக் குழம்பிலிட்ட கத்தரிக்காயைக் காய்கறி என்று எண்ணி ஏமாறவேண்டாம். அது எண்ணெயைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருப்பது. வாழைக்காய்ப் பொரியலும் அந்தச் சாதியே. உண்ணும் ஒழுங்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீரிழிவுடையோர் சிலரைக்கொண்டு 2015இல் நியூயோர்க்கில் நடத்திய ஒரு சிறு ஆய்விலே, காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாச்சத்தைப் பின்னர் உண்டபோது, அதே சாப்பாட்டினால் இரத்தத்திற் சீனி ஏறுவது வெகுவாகக் குறைந்திருந்தது. நம் இலையில் கறிகள் சோற்றுக்கு முன்னரே வந்து காத்திருக்கின்றன. பந்தியின் மூத்தவர் கைவைத்த பின்னர், சோற்றைப் பிசைவதற்குமுன் வறையிலும் கடைசலிலும் நாலு வாய் உண்டால் ஒருவரும் குறை சொல்லப்போவதில்லை. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய இருபது நிமிடம் வேண்டும் என்பர். விரைந்து உண்பவனின் இரண்டாம் சோறு அச்செய்தி வருமுன்னரே உள்ளே போய்விடுகிறது. ஆகையால் பேச்சுக் கொடுத்து உண்பது பந்தியில் ஒரு நல்ல தந்திரம்; குசினியிலிருந்து வருபவரிடம் கறியின் செய்முறையை விசாரித்தால் நேரமும் போகும், அவருக்கும் மகிழ்ச்சி. பாயாசத்தை முற்றாக ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று. முதல் மூன்று கரண்டியிலே அதன் சுவை முழுவதும் கிடைத்துவிடுகிறது. எஞ்சியது வெறும் வழக்கம். முடிந்ததும் இலையைத் தம் பக்கமாக மடித்துவிட்டால், அதுவே திருப்தி என்று சொல்லும் மொழி. மடித்த இலையில் எந்தப் பெரியம்மாவும் பரிமாறமாட்டார்.

ஒன்றை மாத்திரம் செய்யவே கூடாது. மத்தியானத்துக்கு வயிற்றில் இடம் வேண்டுமென்று காலை முழுதும் பட்டினி கிடப்பது நம்மிற் பலருக்கு வழக்கம். வருஷப்பிறப்பின் புண்ணியகாலம் ஆண்டுக்காண்டு மாறுவது. வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தையும் திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரத்தையும் சொல்லும். மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, கோயிலுக்குப் போய், கைவிசேஷமும் வாங்கிய பின்னர் இலை விரியும்போது சில ஆண்டுகளில் இரண்டு மணியும் ஆகலாம். சுகதேகியாயின் அப்பசி அவரை அளவுக்குமேல் உண்ணவைப்பதோடு போகும். இன்சுலின் ஏற்றுபவருக்கும் சிலவகை நீரிழிவு மாத்திரை எடுப்பவருக்கும் அப்பட்டினி சீனியை மிகவும் இறக்கி, நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் தந்து உயிருக்கே உலை வைக்கலாம். அத்தகையோர் பண்டிகைக்குச் சில நாட்களுக்கு முன்பே, மருந்தை எந்நேரத்தில் எவ்வளவு எடுப்பது என்று தம் வைத்தியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளல் வேண்டும். அண்ணருக்கு இப்போது காலை ஏழரைக்கே இரண்டு இட்டலி கொடுக்கப்படுகிறது. சுவாமிக்குப் படைக்குமுன் உண்பதா என்று முதலில் முணுமுணுத்தவர், காலிலே காட்டிய பின்னர் பேசாமல் உண்டார்.

பலகார ரின்னுக்கு என் வீட்டில் வேறு ஏற்பாடு. சூடுவதை நிறுத்தும்படி மனைவியிடம் சொல்ல எனக்குத் துணிவும் இல்லை, விருப்பமும் இல்லை. வருஷப்பிறப்பன்றும் மறுநாளும் உண்கிறோம். மூன்றாம் நாட் காலையில் எஞ்சியவை சிறு பொதிகளாகி, பிள்ளைகள் நிறைந்த வீடுகளுக்கும் ஒழுங்கை முனையில் வீடு கட்டும் தொழிலாளருக்கும் போய்விடுகின்றன. அன்று பின்னேரம் ரின் கழுவிக் கவிழ்க்கப்படும்.

நான்கு ஆண்டுகளில் என் நிறை 78இலிருந்து 72க்கு வந்திருக்கிறது. இடுப்புச் சுற்றளவு 98இலிருந்து 92க்கு. வைத்தியர் இன்னும் திருப்தியடையவில்லை. அவருக்குத் திருப்தி ஏற்படுவது அரிது. நாள்தோறும் முக்கால் மணிநேரம் நடப்பதற்கும் இராச்சாப்பாட்டிற் பிட்டைக் குறைத்ததற்கும் இதில் விருந்தைவிடப் பெரிய பங்கு உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் அந்த நடையைச் சித்திரையிற் குழப்பிக்கொண்டு வைகாசியில் மீண்டும் தொடங்கும் நிலை இப்போது இல்லை.

அடுத்த வருஷப்பிறப்புப் பந்தி எங்கள் வீட்டிலே நடைபெற இருக்கிறது. சமையலுக்கு ஆள் பிடிக்கவேண்டாம், தானே வந்து பார்த்துக்கொள்வதாகப் பெரியம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். அரிசிக்கும் பருப்புக்கும் அவர் இன்னும் கணக்குச் சொல்லவில்லை. முருங்கையிலை உருவுவதற்கு மாத்திரம் முதல்நாட் பின்னேரமே இரண்டு பிள்ளைகளை நிறுத்தி வைக்கும்படி கட்டளை வந்திருக்கிறது.